டல்லாஸ் பக்கத்து நீர்த்தேக்கங்களில் ஒரு நாள்: பாஸ் மீன்பிடிக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் பெரிய ஏரி என்று நாம் பார்ப்பது ஏறக்குறைய எல்லாமே ஆற்றையோ ஓடையையோ மறித்து அணைகட்டி உருவானதுதான். குடிநீருக்கும் வெள்ளத் தடுப்புக்கும் கட்டினார்கள். ஆனால் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அங்கே போனால், படகு இறக்கும் சரிவில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அதில் பாதிப் பேருக்கு மேல் தேடி வருவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற ஒரே மீனைத்தான். ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த நீர்த்தேக்கங்கள் ஒன்றரை மணி நேரக் கார் பயணம். தூண்டிலே பிடித்திராதவர் காலையில் கிளம்பி மாலையில் திரும்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மீனைப் புரிந்துகொள்ளுங்கள்

பாஸ் கூட்டமாக நீந்தி மேயும் மீன் அல்ல. பதுங்கியிருந்து பாயும் மீன். முங்கிக் கிடக்கும் மரத்தடி, படகுத்துறையின் நிழல், பாசிப்படுகையின் ஓரம் என்று ஏதாவது ஒரு மறைவில் அசையாமல் நிற்கும். ஷாட், ப்ளூகில் போன்ற சின்ன மீன்களோ, க்ராஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கி இறாலோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்த அகன்ற வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

இனி சொல்லப்போகும் நேரம், இடம், இரை எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன. திறந்த நீரில் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சரியான மரத்தடியில் பத்து வீச்சு போதும். அதனால் எங்கே நிற்கும் என்று யோசித்துவிட்டு அப்புறம் வீசுங்கள். நல்ல மீன்பிடிப்பாளரைக் கவனித்துப் பாருங்கள், வீசும் நேரத்துக்கு ஈடாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டும் இருப்பார்.

எங்கே போவது

பெயர்பெற்ற இடம் லேக் ஃபோர்க். சபைன் ஆற்றின் கிளையான லேக் ஃபோர்க் க்ரீக்கை மறித்து 1980ல் உருவான நீர்த்தேக்கம், சுமார் 27,000 ஏக்கர். நீர் தேக்கியபோது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ஏரி நடுவே பட்ட மரங்கள் காடாக நிற்கின்றன. பெரிதாக வளரும் ஃபுளோரிடா இன பாஸ் குஞ்சுகளையும் தொடக்கத்திலேயே விட்டார்கள். மறைவும் இரையும் நல்ல இனமும் ஒரே இடத்தில் சேர்ந்ததன் பலனைப் பார்க்கலாம்: டெக்சாஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் இங்கேதான் 1992 ஜனவரியில் பாரி செயின்ட் க்ளேர் என்பவருக்குக் கிடைத்தது. அவர் அன்று க்ராப்பி என்ற வேறு மீனுக்காக உயிர் மீன்குஞ்சைக் கோத்து இறக்கியிருந்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

ஆனால் முதல் நாளே ஃபோர்க்குக்குப் போக நான் சொல்லமாட்டேன். பரப்பு பெரிது, கரையிலிருந்து வீச வசதியான இடம் குறைவு, படகு இல்லாமல் அதன் அருமை தெரியாது. வழிகாட்டியோடு படகு அமர்த்தினால் அரை நாளுக்கே சில நூறு டாலர் ஆகும்.

தொடங்குவதற்கு மாநிலப் பூங்காக்கள் நல்லவை. டல்லாஸுக்குத் தென்கிழக்கே பர்டிஸ் க்ரீக் பூங்காவில் 355 ஏக்கரில் ஓர் ஏரி உண்டு. அலை எழும்பும்படி படகை வேகமாக ஓட்ட அனுமதி இல்லாததால் கயாக்கில் போகிறவர்களுக்கு நிம்மதி. டைலர் பூங்காவின் ஏரி இன்னும் சின்னது, 64 ஏக்கர்தான். கரையோரமாக நடந்தே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். சின்ன ஏரியில் மீன் ஒளிய இடம் குறைவு என்பதால் கற்றுக்கொள்கிறவருக்கு அது சாதகம். வார இறுதியில் பூங்கா நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பகல் நேர அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள், வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமமும் விதிகளும்

டெக்சாஸில் 17 வயது நிரம்பிய எவருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். மாநில வனவிலங்குத் துறையின் தளத்திலோ, வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளிலோ வாங்கலாம். ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31ல் காலாவதியாகும் என்பதால் ஜூலையில் வாங்குகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் உரிமமும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம், மற்றவர்களுக்குக் கூடுதல்.

பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு: மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ பிடித்தால் உரிமமே வேண்டாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போக இதைவிட வசதி கிடையாது. சில பூங்காக்களில் தூண்டில் கோலை இரவலாகவும் தருகிறார்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அளவு விதி ஏரிக்கு ஏரி மாறும். மாநிலப் பொதுவிதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, நாளுக்கு ஐந்து மீன் வரை எடுக்கலாம். ஃபோர்க்கில் இது தலைகீழ்: 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்டதை விட்டுவிட வேண்டும். சின்னதை எடுக்கலாம், 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதில் நாளுக்கு ஒன்றே ஒன்று. முட்டையிடும் நடுத்தர மீன்களைக் காப்பாற்றிப் பெரிதாக வளரவிடும் ஏற்பாடு இது. ஃபோர்க் இத்தனை காலம் பெயரைக் காப்பாற்றிக்கொண்டதில் இந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். கிளம்பும் முன் நீங்கள் போகும் ஏரியின் இப்போதைய விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது

வடகிழக்கு டெக்சாஸில் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பொற்காலம். நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, அதாவது சுமார் 16 செல்சியஸில், பாஸ் முட்டையிடக் கரையோர ஆழமற்ற நீருக்கு வரும். ஆண் மீன் அடித்தரையை வாலால் துப்புரவாக்கிக் குழி செய்யும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போனபின் ஆண்தான் காவல் நிற்கும். கரையில் நிற்கிறவருக்குப் பெரிய மீன் எட்டும் காலம் இதுதான். அடுத்தது அக்டோபர், நவம்பர். ஷாட் கூட்டங்கள் ஓடைக் கிளைகளுக்குள் நுழைய, அவற்றின் பின்னாலேயே பாஸும் வரும். ஜூலை, ஆகஸ்டில் விடியலையும் அந்தியையும் தவிர மற்ற நேரம் வெயிலில் காய்வதுதான் மிச்சம்.

நாளைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாளாக ஒரே மாதிரியான வானிலை இருந்தால் நல்லது. குளிர்க்காற்று முகப்பு (கோல்ட் ஃப்ரண்ட்) வருவதற்கு முந்தைய மேகமூட்டமான பொழுது அதைவிட நல்லது. முகப்பு கடந்த மறுநாள் வானம் கண்ணாடியாக இருக்கும், பார்க்க அழகு, மீனோ வாயைத் திறக்காது. லேசான காற்றுக்குப் பயப்பட வேண்டாம். காற்று அலையெழுப்பும் கரைக்குச் சின்ன மீன்கள் தள்ளப்படும், நீர்ப்பரப்பு கலங்குவதால் நீங்கள் நிற்பதும் பாஸுக்குத் தெரியாது.

சாமான்கள்

கடைக்குள் போனால் தலைசுற்றும். கையில் கொஞ்சம் இருந்தால் போதும்.

ஆறரை முதல் ஏழு அடி நீளத்தில், நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் கோல் ஒன்று. அதற்கு 2500 அல்லது 3000 அளவு ரீல், அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி. பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலைத் தொடக்கத்தில் தொடாதீர்கள், அதில் நரம்பு சிக்கினால் அவிழ்ப்பதிலேயே காலை போய்விடும். 12 பவுண்டு தாங்கும் சாதாரண மோனோ நரம்பு போதுமானது. பட்ட மரங்களுக்கு நடுவே வீசுவதானால் இன்னும் தடிமனாக.

பொய் இரைகளில் நான்கு வகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு ஏழு அங்குல மென்பிளாஸ்டிக் புழு, ஐந்து அங்குலக் குச்சிப் புழு, இழுக்கும்போது சுழலும் தகடுள்ள ஸ்பின்னர்பெய்ட் ஒன்று, நீர்மட்டத்தில் மிதந்து 'ப்ளக்' என்று சத்தம் போடும் பாப்பர் ஒன்று. வசந்தத்தில் போனால் சிவப்பு நிறத்தில் கலகலக்கும் ரேட்டில்-ட்ராப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் க்ராஃபிஷ் செந்நிறமாக இருக்கும். டெக்சாஸ்காரர்கள் பாசிப்படுகைக்கு மேலாக இதை இழுப்பதற்குக் காரணம் அதுதான். புழுவின் நிறத்துக்கு எளிய வழி: தெளிந்த நீரில் பச்சை கலந்த பழுப்பு, கலங்கிய நீரில் கறுப்பும் நீலமும்.

இவற்றோடு மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்ற நீண்ட மூக்குக் குறடு, அளவுப் பலகை, நரம்பு வெட்டி. போலரைஸ்டு கண்ணாடியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். நீரின் பளபளப்பை வெட்டி அடியில் உள்ள கட்டையையும் பாசி ஓரத்தையும் காட்டும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

டெக்சாஸ் ரிக் கட்டும் விதம்

ரிக் என்றால் முள்ளையும் இரையையும் நரம்பில் கோக்கும் முறை. ஒரே ஒரு முறையைக் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். முள்ளின் முனை புழுவுக்குள் மறைந்திருப்பதால் கிளையிலும் பாசியிலும் மாட்டாமல் நழுவி வரும். பாஸ் நிற்கும் மறைவுக்குள்ளேயே இரையை அனுப்பலாம்.

முதலில் தோட்டா வடிவ ஈயத்தின் கூர்முனைப் பக்கமாக நரம்பை நுழைத்து வெளியே எடுங்கள். அரைக்கால் முதல் கால் அவுன்ஸ் எடை போதும், இயன்றவரை லேசானதே நல்லது. பிறகு 3/0 அளவுள்ள வளைகழுத்து முள்ளை பாலோமார் முடிச்சில் கட்டுங்கள். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, அந்த இரட்டை நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, நுனியில் இருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுக்க விட்டு இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சிலால் ஈரப்படுத்துங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகி வலுவிழக்கும்.

இனி புழு. தலை நடுவில் முள் முனையைக் கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கழுத்து வளைவு வரை தலையை ஏற்றுங்கள். முள்ளை அரைச்சுற்று திருப்புங்கள். புழுவை நேராகத் தொங்கவிட்டு முள்ளின் வளைவு எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் வரை கொண்டுபோங்கள். முனையை மட்டும் மெல்லிய தோல்போலப் பிளாஸ்டிக்குக்குள் ஒளித்துவிடுங்கள். முடிந்தபின் புழு நூல் பிடித்தாற்போல நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும், கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள்.

குச்சிப் புழுவுக்கு இவ்வளவு வேலை இல்லை. 1/0 முள்ளை நட்ட நடுவில் குறுக்காகக் குத்தினால் முடிந்தது. இரண்டு முனையும் துடித்தபடி மெதுவாக இறங்கும். இதை வேக்கி ரிக் என்பார்கள். திறந்த இடத்துக்கும் படகுத்துறை ஓரத்துக்கும் இதற்கு இணை இல்லை. குழந்தைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

விடியலிலிருந்து அந்தி வரை

வெளுக்கும்போதே கரையில் இருங்கள். மங்கிய வெளிச்சத்தில் பாஸ் மறைவை விட்டு வெளியே வந்து ஆழமற்ற நீரில் வேட்டையாடும். பாப்பரை வீசி, வளையலைகள் அடங்கும் வரை பொறுத்து, கோலின் நுனியை ஒரு சின்ன வெட்டு வெட்டி, மறுபடி பொறுங்கள். ஓரத்தில் சின்ன மீன்கள் சிதறித் துள்ளினால் அதற்குக் கீழே ஏதோ துரத்துகிறது. கரையில் நிற்பவர் முதல் வீச்சை நேர் எதிரே போடாமல் கரைக்கு இணையாகப் போட வேண்டும். காலடியிலேயே நிற்கும் மீனை மிதித்துக் கலைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வெயில் ஏறியதும் மீன் விளிம்புகளுக்குப் போகும். விளிம்பு என்றால் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம்: சம்புப் புதர் முடிந்து திறந்த நீர் வரும் கோடு, மண் தரை முடிந்து கல் தொடங்கும் இடம், கரை நீருக்குள் மூக்குப்போல நீளும் முனை, நீருக்கடியில் கிடக்கும் பழைய ஓடைத்தடத்தின் மடிப்பு. நீர்த்தேக்கத்தின் தனிச்சிறப்பு இதுதான். அடியில் பழைய ஓடை, சாலை, வேலி, குட்டை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. போனில் ஆழ வரைபடத்தைத் திறந்து, ஓடைத்தடம் எங்கே கரைக்கு நெருங்கி வருகிறது என்று முந்தைய இரவே குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

விளிம்பைத் தாண்டி வீசுங்கள், மீனின் தலைமேல் அல்ல. புழு இறங்கும்போது நரம்பைத் தளர்த்தி, ஆனால் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள். பெரும்பாலான கடி இறங்கும்போதே வரும். தரை தட்டியதும் கோலின் நுனியை மெல்ல உயர்த்தி இரையை நகர்த்தி, நுனியைத் தாழ்த்தித் தொய்வை மட்டும் சுற்றுங்கள். இரையை நகர்த்துவது கோல், ரீல் அல்ல. புதியவர்கள் எல்லோரும் வேகமாகவே இழுப்பார்கள். மெதுவாக என்று உங்களுக்குத் தோன்றும் வேகத்தில் பாதியாகக் குறையுங்கள்.

உச்சிவெயிலில் நிழலைத் தேடுங்கள். படகுத்துறையின் ஆழமான மூலை, பாலத்தூண், சாய்ந்த மரத்தின் கீழ்ப்பக்கம். துறையின் வெளிச்சமான பக்கத்தை விட்டுவிட்டு இருட்டுக்குள் வேக்கி ரிக்கை நழுவவிடுங்கள். ஒன்றுமே கடிக்காவிட்டால் சாப்பாட்டைப் பிரியுங்கள், இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தாலும் இழப்பில்லை. அந்தியில் காலையில் செய்ததையே திரும்பச் செய்யலாம். காற்றிருந்தால் ஸ்பின்னர்பெய்ட்.

ஓரிடத்தில் ஒரு மீன் கிடைத்தால் என்ன ஆழம், என்ன மறைவு, நிழல் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு அதே மாதிரியான அடுத்த இடத்தைத் தேடிப் போங்கள். அங்கேயும் கிடைத்தால் அன்றைய சூத்திரம் கையில் வந்துவிட்டது.

கடித்தால் என்ன செய்வது

கடி எப்போதும் வெடுக்கென்று இருக்காது. டொக் டொக் என்று இரண்டு தட்டு, அல்லது ஈரத்துணி மாட்டியதுபோலக் கனம், அல்லது நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்வது. சந்தேகம் வந்தால் மீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் ரிக்கில் தொய்வைச் சுற்றிவிட்டுக் கோலை வலுவாக மேல்நோக்கிச் சுண்ட வேண்டும், முள் பிளாஸ்டிக்கைத் துளைத்து வர வேண்டுமே. பாப்பரில் நீர் வெடித்த உடனே சுண்டக் கூடாது. கனம் கைக்குத் தெரிந்தபின்தான்.

மீன் மேலே துள்ளப்போவது நரம்பு எழும்புவதில் தெரியும். உடனே கோலைத் தாழ்த்துங்கள். தலையை உதறி முள்ளைத் துப்பிவிடுவதில் பாஸ் கெட்டிக்காரன். நரம்பை மட்டும் தொய்யவிடாதீர்கள்.

கரைக்கு வந்ததும் கையை நனைத்துக்கொண்டு கீழுதட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். பல் உப்புத்தாள் சொரசொரப்புதான், கடிக்காது. ஆனால் தொங்கும் மற்ற முட்கள் விரலில் ஏறாமல் பாருங்கள். சின்ன மீனை நேராகத் தூக்கலாம். மூன்று நான்கு பவுண்டுக்கு மேல் இருந்தால் வயிற்றுக்கு மறு கையைக் கொடுத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள், தாடையில் மட்டும் தொங்கவிட்டால் தாடை பிசகும். காய்ந்த புல்லிலும் மண்ணிலும் போடாதீர்கள், உடம்பின் வழுவழுப்புதான் நோயிலிருந்து அதைக் காக்கிறது. போட்டோ எடுப்பவர் போனைத் தயாராக வைத்தபின் மீனை நீரிலிருந்து எடுங்கள். கோடையில் நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இன்னும் அவசரம். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை நறுக்கிவிட்டு விடுவிப்பது நல்லது.

13 பவுண்டுக்கு மேல் ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் கிடைத்தால், அதை உயிரோடு வைத்துக்கொண்டு மாநிலத்தின் ஷேர்லங்கர் திட்டத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஏதென்ஸ் நகரில் உள்ள மாநில மீன்பண்ணைக்குக் கொண்டுபோய் முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுவார்கள். 1986ல் ஃபோர்க்கில் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த 17.67 பவுண்டு பாஸிலிருந்து தொடங்கிய திட்டம் அது.

குழம்புக்கு எடுக்கலாமா?

விதி அனுமதிக்கும் சின்ன மீனைத் தாராளமாக எடுக்கலாம். ஃபோர்க் மாதிரி ஏரியில் சின்னதை எடுப்பது மற்றவற்றுக்கு இரை மிஞ்ச உதவும். வெண்சதை, கெண்டைபோல முள் தொல்லை கிடையாது. குழம்பைவிட மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் ருசி கூடும் என்பேன். பெரியது எனக்கு வேண்டாம். பாஸ் எட்டுப் பவுண்டு ஆகப் பல ஆண்டு பிடிக்கும், சதையும் சுவை குறைவு. அளக்கும்போது வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். கரையை விட்டுக் கிளம்பும் வரை தலையையும் வாலையும் நறுக்கக் கூடாது. சில ஏரிகளில் பாதரசம் காரணமாக மாநிலச் சுகாதாரத் துறை உண்ணும் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

ஆபத்துகள்

கரையோரத்தில் முதல் எதிரி நெருப்பெறும்பு. நிற்கும் இடத்தில் மண்புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள், செருப்பு போடாமல் ஷூ போடுங்கள். நீரோரப் புதர்களில் காட்டன்மவுத் என்ற நச்சுப்பாம்பு இருக்கும். புல்லை விலக்கி நடக்க வேண்டாம். இடி கேட்டால் கோலைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குப் போங்கள், கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். படகிலோ கயாக்கிலோ ஏறினால் எல்லோரும் மிதவை உடுப்பு அணியுங்கள். 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஓடும் சிறு படகில் அது சட்டப்படி கட்டாயம். வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை முதல் மணி நேரத்திலேயே குழந்தைகளுக்கு ஏற்படுத்துங்கள்.

கிளம்பும் முன்

படகோ கயாக்கோ கொண்டுபோயிருந்தால் நீரை முழுக்க வடித்து, ஒட்டிய பாசியைப் பிய்த்தெறிந்து, காயவைத்த பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஸீப்ரா மஸல் என்ற சிப்பியும் ஜயண்ட் சால்வினியா என்ற மிதக்கும் களையும் இப்படித்தான் ஏரி விட்டு ஏரி தாவுகின்றன, டெக்சாஸில் நீரை வடிக்காமல் கிளம்புவது குற்றம். உயிர் இரை மிஞ்சினால் ஏரியில் கொட்டாதீர்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பறவைகளின் காலைச் சுற்றி அறுப்பது அதுதான். கார் கதவைச் சாத்தும் முன் தேதி, நீரின் நிறம், காற்றடித்த திசை, மீன் கிடைத்த ஆழம், எந்த இரை என்பதைப் போனில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே வாரம் எங்கே வீசுவது என்று அந்தக் குறிப்பு சொல்லும்.